பதினான்காம் எண் வீட்டில் இரண்டு குடும்பங்கள்

தம்பி,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். கோலாலம்பூரில் என் மகனுக்குப் பதவி உயர்வு, அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகை மாதிரிகளை அனுப்பி எது பிடித்திருக்கிறது என்று அப்பா மூலம் கேட்டிருக்கிறாய். உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு என்ன கோபம் என்று அப்பாவிடம் போனில் கேட்டாயாம். அவர் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டார். கல்யாண வீட்டில் சத்தம் வேண்டாம், விட்டுவிடு என்று என்னிடமும் சொன்னார். நான் விடப்போவதில்லை. என்ன கோபம் என்று நீ கேட்டாய். முழுதாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

இந்தக் கடிதத்தை மலாக்கா பாச்சாங்கில், நான் கணினிப் பாடம் எடுக்கும் சென்டரில், என் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கப்போகிறார்கள். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. நீ வேலை செய்யும் கம்பெனியின் பெயரும் இல்லை, அந்தத் தோட்டத்தின் பெயரும் இல்லை. ஆனால் நடந்தது அவர்களுக்குத் தெரியவேண்டும். பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு, ஆறு மாத கோர்ஸ் படித்தால் ஏதாவது ஆபீசில் ஏர்கண்டிஷனில் உட்காரலாம் என்று வருகிற பிள்ளைகள். நாளைக்கு அவர்களும் உன்னைப் போல நாலு பேருடைய வாழ்க்கையைத் திரையில் தட்டப்போகிறவர்கள். அதனால் உனக்குத் தெரிந்த பாடத்தையும் இதில் விளக்கித்தான் எழுதுவேன். உனக்குச் சலிப்பாக இருக்கும். இருக்கட்டும். தெரிந்திருந்தும் செய்தாயே, அதுதான் என் ஆத்திரம்.

முதல் வகுப்பில் நான் சொல்வது இதுதான். தரவுத்தளம் என்பது பெரிய டப்பா இல்லை. ஆபீசில் ஒரு கோப்பு, மருந்தகத்தில் ஒரு கோப்பு, பள்ளியில் ஒரு கோப்பு என்று ஒரே ஆளைப் பற்றி மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதி வைத்தால், ஒன்றில் மாற்றியது மற்றதில் மாறாது. எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, அதைக் காவல் காக்க ஒரு மென்பொருளையும் வைக்கிறோம். யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், எதை ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்று அந்தக் காவலுக்கு விதி எழுதிக் கொடுப்பது நாம். விவரங்கள் அட்டவணைகளாக இருக்கும். ஒரு வரிசை என்றால் ஒரு ஆள், அல்லது ஒரு வீடு, அல்லது ஒரு பொருள். நெடுக்காக வரும் பத்திகள் அந்த ஆளைப் பற்றிய பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்கள். ஒரு வரிசையை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இருவருக்கு ஒன்றாக வரவே வராத ஒரு பத்தி வேண்டும். அதற்குப் பெயர் பிரைமரி கீ.

பெயரை ஏன் பிரைமரி கீயாக வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். அப்போதெல்லாம் நான் உன் கதையைத்தான் சொல்வேன். உனக்கு மூன்று வயது. நாம் அப்போது ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம், நான் பால்மர வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். மேல் லயத்தில் உன் பெயரிலேயே இன்னொரு பையன். அவன் அப்பா பெயரும் உன் அப்பா பெயரும் ஒன்று. அவனுக்கு வயிற்றில் பூச்சி. மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் பெயரைப் பார்த்து அவன் அட்டையை எடுத்து, அவன் மருந்தை உனக்குக் கொடுத்துவிட்டார். நீ இரண்டு நாள் வாந்தியெடுத்துத் துவண்டு போனாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய் நின்றேன். "பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா சார்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, தோட்டத்தில் எல்லாரும் ஒரே பெயரை வைத்தால் அவர் என்ன செய்வார் என்றார். அந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. ஆளைக் கண்ணெதிரே நிறுத்தினாலும் காகிதத்தை மட்டுமே பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மகனும் ஒரு நாள் அதே பதிலை எனக்குச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகையில் உன்னைப் பார்த்துக்கொண்டது முனியம்மா பெரியம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன், சொந்தப் பெரியம்மா இல்லை. ஆனால் நீ என்னைவிட அவர் மடியில் கிடந்த நேரம்தான் அதிகம். நாம் பாச்சாங்குக்கு வீடு மாறி வந்து, நான் கணினி படித்து டீச்சரான பிறகும் அவர் தோட்டத்திலேயே இருந்தார். பிள்ளை பராமரிக்கிற வேலை போனதும் புல் வெட்டினார், மருந்தடித்தார். புருஷன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. பதினான்காம் எண் வீட்டின் முன்னறையில் அவர். பின்கட்டில் அவர் தம்பி, தம்பி பெண்டாட்டி, பிள்ளைகள். அடுப்பு இரண்டு, சாமிப் படம் இரண்டு. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம். அந்தத் தோட்டத்தில் பாதி வீடு அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். நீ அங்கே தவழ்ந்தவன்.

தோட்டத்தை விற்கிறார்கள், வேலை செய்தவர்களுக்கு டுரியான் துங்கால் போகும் சாலையில் வீடு கட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம். அதற்கான கணினி வேலை உன் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது, நீதான் செய்கிறாய் என்றபோது அதைவிடச் சந்தோஷம். ஊரெல்லாம் சொன்னேன். என் மாணவி சாந்தியை தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து டைப் செய்யும் வேலைக்கு நீ எடுத்துக்கொண்டதும் நான் கேட்டுத்தான். அப்பா மீன் பசாரில் ஐஸ் தூக்குகிறார், வீட்டில் இவள்தான் மூத்தவள், நல்ல பிள்ளை என்று உன்னிடம் சொன்னேன்.

வீடு கிடைக்கிறவர்களின் பெயர்களைத் தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். முனியம்மா அக்காவின் பெயர் அதில் இல்லை. அவர் தம்பியின் பெயர் இருந்தது. ஆபீஸ் எழுத்தர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி, கம்ப்யூட்டரில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லாதவர் தோட்டத்து ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். லயத்தை இடிக்கப்போகிறார்கள், அதற்குள் காலி செய் என்றும் சொன்னார்கள். அக்கா ஜாசினிலிருந்து பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். அழவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "நான் அங்க வேல செஞ்சேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா போச்சுமா" என்றார்.

நான் உடனே உனக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா, நீ சொன்ன பதில்? "அம்மா, டேட்டா கிளீனா இருக்கு. பேரு வரலன்னா அவங்க எலிஜிபல் இல்லலா. நான் என்ன செய்ய முடியும்?"

டேட்டா கிளீன். உன்னைக் கழுவித் துடைத்துச் சோறூட்டிய பெண்ணைப் பற்றி நீ சொன்னது இது. டிரசர் தேவலாம். அவர் உன் முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். சாந்தி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நீ செய்து கொடுத்த திரையைக் காட்டச் சொன்னேன். பார்த்ததும் எனக்கு முகம் சூடேறிவிட்டது. ஒரே அட்டவணை. அதில் பிரைமரி கீ, வீட்டு எண். வீடு, குடும்பம், ஆள் மூன்றையும் ஒரே வரிசையில் அடைத்து வைத்திருந்தாய். வகுப்புப் பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள்: வீடு ஒரு பொருள், குடும்பம் இன்னொரு பொருள், ஆள் வேறொரு பொருள். மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் அதற்கென்று ஓர் எண். குடும்பத்தின் வரிசையில் அது இருக்கும் வீட்டின் எண்ணைக் குறித்தால் போதும், அதுதான் உறவு. அப்போது ஒரு வீட்டில் ஒரு குடும்பமும் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். வீட்டு எண்ணையே அடையாளம் என்று வைத்தால், ஒரு வீட்டுக்கு ஒரு வரிசைதான். இரண்டாவது குடும்பத்துக்கு இடமே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. திட்டத்தில் தப்பு வரலாம், யாருக்கும் வரும். ஒரே கீயை இரண்டாவது முறை போட்டால் காவல் அதை ஏற்காது. இது ஏற்கெனவே இருக்கிறது என்று செய்தி வரும். அந்தச் செய்தி வந்திருந்தால் தப்பு அன்றே தெரிந்திருக்கும். பிறகு ஏன் வரவில்லை என்று சாந்தியைக் கேட்டேன். முதலில் வந்தது டீச்சர் என்றாள். அடிக்கடி வந்தது. உனக்குப் போன் செய்திருக்கிறாள். "அண்ணே, இந்த வீட்டு நம்பர் ஏற்கெனவே இருக்குன்னு வருது, இது வேற ஆளு, என்னா செய்றது?" என்று கேட்டிருக்கிறாள். நீ வந்து புரோகிராமை மாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். எண் இருந்தால் பழைய வரிசையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்படி. சத்தமில்லாமல். எழுத்துப் பிழை திருத்த வசதி என்று சொன்னாயாம். "நீ எண்டர் அமுக்கு, சிஸ்டம் பாத்துக்கும்" என்றாயாம்.

பதினான்காம் எண்ணை என் கண் முன்னால் சோதனைக்கு வைத்திருந்த நகலில் தட்டச் சொன்னேன். முனியம்மா என்று போட்டாள், சேமித்தாள். மீண்டும் பதினான்கு, அவர் தம்பியின் பெயர், எண்டர். தேடிப் பார்த்தோம். முனியம்மா இல்லை. திரையில் ஒரு சத்தம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. ஒரு மனுஷியை அழிக்க அவ்வளவுதான் ஆனது.

இன்னொன்றும் காட்டினாள். கணவர் பெயர் என்ற பத்தியை வெறுமையாக விட உன் திரை ஒப்புக்கொள்ளவில்லை. வெறுமை என்பதும் ஒரு விவரம்தான் என்று வகுப்பில் மாய்ந்து மாய்ந்து சொல்கிறேன். தெரியாது என்றோ, பொருந்தாது என்றோ அதற்குப் பொருள் உண்டு. அது பூஜ்யமும் இல்லை, பொய்யும் இல்லை. நீ அதற்கு இடம் கொடுக்காததால், புருஷன் இல்லாத பெண்களுக்கெல்லாம் அந்தப் பிள்ளை ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அப்புறம் உன் கம்பெனியில் யாரோ, கோடு இருக்கிற வரிசைகளைப் பிழை என்று தனியே ஒதுக்கினார்களாம். வீட்டு எண்ணில் அழியாமல் தப்பித்த பெண்களும் அதில் போனார்கள்.

அன்று மாலை உனக்கு மறுபடி போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "சரிம்மா, நான் பாத்துக்குறேன்" என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் மகன் பார்த்துக்கொள்வான் என்று அக்காவிடமும் சொன்னேன். அந்த வாரமே மலாக்காவுக்கு வந்தாய். வீட்டுக்கு வரவில்லை. நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாய், மேனேஜரிடம் பேசினாய், திரும்பிப் போய்விட்டாய். நீ என்ன பார்த்துக்கொண்டாய் என்பது சாந்தி என் வகுப்பு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. டைப் செய்தவள் கவனமில்லாமல் வரிசைகளை அழித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாய். அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவள் என்னிடம் நியாயம் கேட்டு வரவில்லை. கேட்டது வேறு. "டீச்சர், நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல." உனக்குப் போன் செய்து எச்சரித்த பிள்ளை அவள். நீ சொன்ன உறுதியில் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் அவள் அப்பா, இவ்வளவு படித்தும் ஒரு பட்டனை ஒழுங்காக அமுக்கத் தெரியவில்லையா என்று கேட்டாராம். பசாரில் நாலு பேர் கேட்டார்களாம். நான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து மைலோ கலக்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பையைத் தொட்டியில் போட்டு உடைத்தேன். அப்பாவைக் கேட்டுப் பார், பொய்யா என்று.

தம்பி, தப்பான திட்டம் போட்டாய், அதைத் திருத்தலாம். அலட்சியத்தில் பெரியம்மாவை அப்படிப் பேசினாய், அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் உன்னைவிடச் சின்னவள், எதிர்த்துப் பேச ஆளில்லாதவள், உன் வார்த்தையை நம்பியவள் என்று பார்த்து அவள் தலையில் போட்டாயே, அதை எந்தப் புத்தகத்தில் படித்தாய்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் அப்பா லாரி ஓட்டியவர். பிரேக் பிடிக்காமல் போன நாளில்கூட, உடன் வந்த அட்டெண்டன்ட் மேல் பழி போடாதவர்.

நீ திருத்தவும் இல்லை. அழிந்த வரிசைகள் அழிந்தபடியே போய்விட்டன. பாதுகாப்புக்காக நகல் எடுத்துவைத்த டிஸ்குகளிலும் ஒவ்வொரு வாரமும் பழையதன் மேலேயே புதியதை எழுதியிருந்தாய். யார் யார் விடுபட்டார்கள் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. ஆட்களிடம்தான் கேட்கவேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். சாந்தியையும் வரச்சொன்னேன். முதலில் தயங்கினாள், அப்புறம் வந்தாள். லயம் லயமாகப் போய் ஒவ்வோர் அடுப்பாகக் கேட்டோம். இந்த வீட்டில் எத்தனை பேர் தனியாகச் சமைக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பாடம் புரிந்தது. ஒரு பையன் சொன்னான், "டீச்சர், ஒன்-டு-மேனின்னா இதுதானா?" ஒரு வீடு, பல குடும்பம், இதுதான் என்றேன். திங்கட்கிழமை சென்டரில் மூன்று அட்டவணையாகப் பிரித்துப் போட்டோம். சாந்திதான் தட்டினாள். நீ எடுத்துப்போட்ட காவலைத் திருப்பி வைத்தோம். ஒரே எண் இரண்டாம் முறை வந்தபோதெல்லாம் திரை நின்று கேட்டது. இல்லாத வீட்டுக்குக் குடும்பத்தைச் சேர்க்கப் பார்த்தாலும் மறுத்தது. விடுபட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முனியம்மா அக்கா மட்டும் இல்லை. பெரும்பாலும் தனித்த பெண்கள், வயசானவர்கள், வாய் பேசத் தெரியாதவர்கள்.

அதை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். மலாய்க்காரர், நிதானமான மனிதர். எல்லாவற்றையும் பார்த்தார். பெரிய கிராணியைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். ஒவ்வொருவரையும் தோட்டத்து ஆள்தான் என்று கிராணி ஒப்புக்கொண்டார். புதுக் குடியிருப்பின் கடைசி வரிசையில் யாருக்கும் ஒதுக்காத வீடுகள் இருக்கின்றன, இவர்களை அங்கே போடலாம், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார் மேனேஜர். போன வாரம் அனுமதி வந்துவிட்டது. அக்காவுக்கு மூலை வீடு. பக்கத்தில் தம்பி வீடு இல்லை என்று ஒரு குறை அவருக்கு. மற்றபடி சரி.

அன்று நான் எழுந்திருக்கும்போது மேனேஜர், உங்கள் மகன் நல்ல பையன், அந்தப் பெண்தான் பாவம் கவனக்குறைவாக இருந்துவிட்டாள் என்றார். நன்மையாகத்தான் சொன்னார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்கலாம். வேலை முடிந்துவிட்டது, வீடு கிடைத்துவிடும், உன் பதவி உயர்வுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு கேடும் இல்லை. என்னோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த சாந்தி எனக்குத் தெரிந்தாள். நான் மறுபடி உட்கார்ந்தேன். அந்தப் பெண் எதையும் அழிக்கவில்லை, எச்சரித்தாள், எச்சரிக்கையை அணைத்தது என் மகன் என்று மலாயில் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாதவர் போல, நீங்கள் அவன் அம்மாதானே என்று கேட்டார். ஆமாம், அதனால்தான் சொல்கிறேன் என்றேன். உன் கம்பெனிக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

ஆக, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்போ பின்போ உன்னை மேலே கூப்பிடுவார்கள். உன் பதவி போகலாம். வேலையே போகலாம். நான் யோசிக்காமல் செய்யவில்லை. பஸ்ஸில் வரும்போது இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அது உண்மை. ஆனாலும் வருத்தப்படவில்லை. வேலை போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது, சென்டரில் பாடம் எடு. மேனேஜர் சாந்தியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவளைத் திரும்ப எடுக்க அவருக்கு உரிமை இல்லை. அவளை நிறுத்தியது உன் கம்பெனி. அவள் மேல் சொன்ன பொய் உன் வாயிலிருந்து வந்தது. அதை நீதான் அவள் வீட்டுக்குப் போய்த் திரும்ப எடுக்கவேண்டும். எனக்காக நான் கேட்கவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுது போன் செய்யாதே, நான் எடுக்கமாட்டேன்.

சாந்தி வீட்டுக்கு நீ போகாவிட்டாலும் கல்யாணத்துக்கு வருவேன். பெண் வீட்டார் ஒரு பாவமும் செய்யவில்லை. அவர்களைத் தலைகுனிய வைக்கமாட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன், அட்சதை போடுவேன். உன்னிடம் பேசமாட்டேன். எவ்வளவு நாள் என்று கேட்காதே.

போகிறாய் என்றால் தனியாகப் போ. நான் கூட வரமாட்டேன், அப்பாவைத் துணைக்குக் கூப்பிடாதே, கட்டிக்கப்போகும் பெண்ணை முன்னால் நிறுத்திக்கொள்ளாதே. பழக்கூடையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போ. அவள் அப்பா பசாரிலிருந்து வந்திருப்பார், அவர் காதிலும் விழவேண்டும். நல்ல மனுஷர்கள். நீ யார் என்று தெரிந்தாலும் உள்ளே வா என்பார்கள், காற்றாடியை உன் பக்கம் திருப்புவார்கள், குடிக்க ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் குடி.

அம்மா